இருநூற்றுப் பன்னிரண்டாம் சுற்று

வேலையில் தவறு செய்தவர்கள் உலகத்தில் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் பதவி உயர்வு பெற்று, பாராட்டுப் பத்திரத்தோடு ஓய்வும் பெற்றுவிட்டார்கள். கம்பிக்காரர் தம் முப்பத்தொரு வருட வேலையில் ஒரே ஒரு தவறு செய்தார். ஒன்றே ஒன்று என்பதால்தான் அவரால் அதை மறக்க முடியவில்லை. நிறையச் செய்திருந்தால் பழகிப்போயிருக்கும்.

அவர் எண்பத்தைந்து பேர் கொண்ட ஒரு வாத்தியக் குழுவில் கடைசி வரிசை, கடைசி நாற்காலி. முக்கோணமாக வளைத்த எஃகுக் கம்பியை ஒரு நூலில் தொங்கவிட்டு, இன்னொரு சின்னக் கம்பியால் அதைத் தட்டுவது அவர் வேலை. தட்டுவது வேலை என்று பேருக்குத்தான் சொல்லலாம். உண்மையான வேலை தட்டாமல் இருப்பது. மற்ற எண்பத்துநாலு பேரும் ஊதி, இழுத்து, முழக்கிக்கொண்டிருக்கும்போது இவர் நாலு தட்டு ஒரு சுற்று என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணி முடித்ததும் ஒரு தட்டு. அப்புறம் மறுபடி எண்ணிக்கை. உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் அவர் மனைவி, "கம்பி எண்ணிட்டிருக்கார்" என்பாள். கேட்டவர்கள் குரலைத் தாழ்த்தி, எப்போது வெளியே வருவார் என்று விசாரிப்பார்கள்.

அந்த ஒரே தவறு ஒரு கார்ட்டூன் படத்தில் நடந்தது. படத்தின் பெயர் 'வீட்டைச் சுமந்த குடும்பம்'. ஒரு நத்தைக் குடும்பம்: அப்பா, அம்மா, நாலு பிள்ளைகள், கல்யாணம் ஆகாத ஓர் அத்தை. ஏழு பேரும் வாடகைக்கு வீடு தேடிக் கிளம்புகிறார்கள். ஏழு பேர் முதுகிலும் ஏழு வீடு இருக்கிறது. இது அவர்களுக்கு உறைக்கத் தொண்ணூற்று நாலு நிமிடம் ஆகிறது. கடைசியில் மழை விட்டதும், களைத்து நிற்கும் அப்பா நத்தையின் ஓட்டின் மேல் இலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுகிறது. அப்பா நத்தை முதல் தடவையாகத் திரும்பித் தன் ஓட்டைப் பார்க்கிறது. அந்தச் சொட்டுக்காக இசையமைப்பாளர் எழுதியிருந்தது ஒரே ஒரு தட்டு. இருநூற்றுப் பதினோரு சுற்று சும்மா இருந்துவிட்டு, இருநூற்றுப் பன்னிரண்டில் தட்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஒலிப்பதிவு அன்று நூற்று முப்பத்தெட்டாம் சுற்று வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அப்போது பக்கத்து நாற்காலிப் பெரிய மேளக்காரர், பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டிவர வேண்டிய கவலையில், உதட்டை மட்டும் அசைத்து, "மணி என்ன?" என்று கேட்டார். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது கம்பிக்காரர் சுபாவத்தில் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்க்கவும் வழியில்லை. இரண்டு கையிலும் கம்பி. வாயில் என்ன இருந்ததோ அது வந்தது. "நூத்தி முப்பத்தெட்டு" என்றார் மெதுவாக. பெரிய மேளக்காரர் மிரண்டுபோனார். இவரும் மிரண்டுபோனார். அந்தக் குழப்பத்தில் நூற்று முப்பத்தெட்டு என்பது இரண்டு தடவை எண்ணப்பட்டுவிட்டது.

ஆகவே சொட்டு விழுந்தபோது சத்தம் இல்லை. சொட்டு ஓட்டில் உருண்டு, அம்மா நத்தை தலையைத் திருப்பி, இலை ஒன்று ஆடி அடங்கிய பிறகு, இருநூற்றுப் பதின்மூன்றாம் சுற்றில் 'டிங்' என்றது. குழுவை நடத்தியவர் கையிலிருந்த கோலை இறக்கிவிட்டுக் கம்பிக்காரரைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். இன்னொரு தடவை வாசிக்கலாம் என்றால், ஒலிப்பதிவுக் கூடத்தில் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது என்று காவலாளி பாதி விளக்கை அணைத்துவிட்டார்.

பதினாறு வருடம் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அதன் பிறகு ரசிகர்கள் வந்தார்கள்.

*

ரசிகர்கள் வந்துவிட்ட செய்தி கம்பிக்காரருக்கு மேலும் மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து, வாயைப் பிளந்துகொண்டிருந்தபோது. அறையில் ஏதோ இசை போய்க்கொண்டிருந்தது. நாலாவது நொடியில் அது என்ன இசை என்று தெரிந்தது. ஐந்தாவது நொடியில் பல்வலி மறந்துபோயிற்று. எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினார். இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்றும் இல்லை. அதற்கு அடுத்ததில் 'டிங்'.

பல் டாக்டர் இடுக்கியை அந்தரத்தில் நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்டீங்களா? அந்தத் தாமதம். அதுதான் இந்தப் படத்தோட உயிர்."

கம்பிக்காரர் உண்மையைச் சொல்ல முயன்றார். வாயில் இரண்டு பஞ்சு உருண்டையும் ஒரு குழாயும் இருந்தன. அவர் எழுப்பிய ஒலியைப் பரவசம் என்று டாக்டர் எடுத்துக்கொண்டு, ஞாயிறு நாலு மணிக்குக் கூட்டம் என்று விலாசம் எழுதிக் கொடுத்தார். அவர்தான் 'நத்தைப் பட இசை ரசிகர் பேரவை'யின் தலைவர். பல்லைப் பிடுங்குவதைக்கூட அவர் அந்த 'டிங்'கோடு சேர்த்துத்தான் செய்வாராம். அப்படிச் செய்தால் வலி நோயாளியிடம் ஒரு சுற்றுத் தாமதமாகப் போய்ச் சேர்கிறது. அதற்குள் அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிடலாம்.

சலவைக்கடைக்கு மேலே, தரை எப்போதும் லேசாகச் சுடும் ஓர் அறையில் கூட்டம் நடந்தது. இருபத்தாறு நாற்காலி, முப்பத்தொன்பது பேர். கம்பிக்காரர் கதவோரம் நின்றார். செயலாளரான கணக்கு டீச்சர் சுவரில் நாலு முழ நீளத்துக்கு ஒரு வரைபடத்தைத் தொங்கவிட்டு, அடிக்குச்சியால் ஒவ்வொரு சுற்றாகத் தொட்டு விளக்கினார்.

அவர் சொன்னதன் சாரம் இது. நத்தை மெதுவான பிராணி. சொட்டு முதலில் ஓட்டில் விழுகிறது. ஓட்டிலிருந்து உடம்புக்கு, உடம்பிலிருந்து மனதுக்குப் போக வேண்டும். நத்தையின் வேகத்தில் அந்தப் பயணத்துக்குச் சரியாக ஒரு சுற்று ஆகும். ஆகவே அந்த 'டிங்' தண்ணீர் விழுந்த சத்தம் அல்ல. நத்தைக்குப் புரிந்த சத்தம்.

அறையில் பெருமூச்சு எழுந்தது. கம்பிக்காரருக்கே ஒரு நிமிடம் அது நியாயமாகப் பட்டது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"அந்தக் கலைஞர் யாருன்னு தெரியல. பேர்ப் பட்டியல்ல எண்பத்துநாலு பேர் இருக்காங்க, அவர் இல்ல" என்றார் டீச்சர். "ஆனா எப்பேர்ப்பட்ட அடக்கம் பாருங்க. சாதாரண ஆளா இருந்தா இருநூத்திப் பன்னிரண்டுலயே தட்டியிருப்பான்."

கம்பிக்காரர் தொண்டையைச் செருமினார். முப்பத்தொன்பது தலைகள் திரும்பின. முன்பின் தெரியாதவர்கள் மத்தியில் பேசுவது அவருக்குப் பிடிக்காத காரியம். கடைசி நாற்காலி வேலையை அவர் தேர்ந்தெடுத்ததே அதனால்தான்.

"நான்தாங்க தட்டினது. தப்பாத் தட்டிட்டேன்" என்றார்.

பேரவை வழக்கப்படி ஒரு சுற்று மௌனமாக இருந்தது. பிறகு சிரித்தது.

"ஐயா, நிஜமாத் தட்டினவர் அதைத் தப்புன்னு சொல்லுவாரா?" என்றார் பல் டாக்டர், பால் பல் ஆடும் குழந்தையிடம் பேசுவதுபோல.

"சரி, நீங்கதான்னே வச்சுக்குவோம்" என்றார் டீச்சர். "ஏன் தாமதமாத் தட்டினீங்க? என்ன உணர்ந்தீங்க?"

"பக்கத்துல இருந்தவர் மணி கேட்டார்."

இந்தப் பதிலைப் பேரவை தன்னை அவமதித்ததாக எடுத்துக்கொண்டது. அபிப்பிராயம் யாரும் சொல்லலாம், ஆதாரம் வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். தவறுதான் என்று அரசாங்கத்திடம் சான்றிதழ் வாங்கி வந்தால் பரிசீலிக்கலாம் என்று தீர்மானம் போட்டுக் கூட்டத்தை முடித்தார்கள். கம்பிக்காரர் படியிறங்கினார். பதினெட்டுப் படி. அதையும் எண்ணினார்.

*

விஷயம் பேரவையோடு நின்றிருந்தால் அவரும் பேசாமல் இருந்திருப்பார். ஆனால் அந்த வருடம் தாமதம் நாகரிகமாகிவிட்டது.

யாராவது வணக்கம் சொன்னால் படித்தவர்கள் ஒரு சுற்றுக் கழித்துத்தான் பதில் வணக்கம் சொன்னார்கள். உடனே சொல்கிறவன் பட்டிக்காட்டான். அழுத்திவிட்டுக் கையை எடுத்த பிறகு அடிக்கும் அழைப்பு மணி கடைகளில் வந்தது. நல்ல ஓட்டல்களில் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு தண்ணீர் வைத்தார்கள். பஸ் நிறுத்தத்தில் பஸ் கிளம்பிய பிறகு ஏறுவதற்கென்று ஒரு தனி வரிசை நின்றது. எதிர்வீட்டுப் பெண்ணிடம் ஒரு பையன், என்னைக் கட்டிக்கொள்வாயா என்று கேட்டானாம். அவளுக்கும் சம்மதம்தான். நாகரிகத்துக்காக நாலு தட்டு எண்ணினாள். அவன் மூன்றாவது தட்டில் போய்விட்டான். பெண்கள் காதிலும் ஆண்கள் சட்டைப்பையிலும் சின்னச் சின்ன முக்கோணக் கம்பிகள் தொங்கின. கம்பிக்காரரின் மைத்துனரே ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு வந்து, இதன் அருமை உங்களுக்கெல்லாம் புரியாது மாமா என்றார்.

கலை பண்பாட்டுத் துறை இதைக் கவனித்தது. கவனித்ததும் பூரித்துப்போயிற்று. துறை வெளியிட்ட அறிக்கை பின்வருமாறு தொடங்கியது: "தாமதம் என்னும் உயரிய கலைக் கொள்கையை இத்துறை தோற்றுவிக்கப்பட்ட நாள் முதலாகவே ஒவ்வொரு கோப்பிலும் இடைவிடாது கடைப்பிடித்து வருகிறது என்பதைப் பொதுமக்கள் நன்கறிவார்கள்." பொதுமக்கள் நன்கறிந்திருந்தார்கள். இதுவரை அதைக் கலை என்று அறிந்திருக்கவில்லை, அவ்வளவுதான். படம் வந்த இருபதாம் ஆண்டை அரசு விழாவாகக் கொண்டாடுவது, படத்தைத் திரையிட்டு மேடையில் முழு வாத்தியக் குழுவையும் வாசிக்க வைப்பது, வருகிற அறுநூற்று நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு முக்கோணக் கம்பி வழங்கி எல்லோரும் ஒன்றாகத் தட்டுவது என்று அறிக்கை சொன்னது.

கம்பிக்காரர் அதுவரை பொறுத்துக்கொண்டார். அதற்கடுத்த பத்திதான் அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பியது. "மேற்படி இசையின் மூலப் பிரதியில் தட்டு இருநூற்றுப் பன்னிரண்டாம் சுற்றில் எழுதப்பட்டிருப்பது எழுத்துப் பிழையெனக் கண்டறியப்பட்டு, விழா நாளன்று அரசாணைப்படி இருநூற்றுப் பதின்மூன்றாகத் திருத்தப்படும்."

அவர் அறிக்கையை மனைவியிடம் காட்டினார். "இவ்வளவு நாள் தப்பு காத்துலதான் இருந்தது. காகிதம் சரியா இருந்தது. என்னைக்காவது ஒருத்தன் காகிதத்தைப் பாத்து வாசிச்சா அந்தச் சொட்டு சரியா விழும்னு நினைச்சிட்டிருந்தேன். இப்போ காகிதத்தையும் மாத்தப் போறாங்க."

"போய்ச் சொல்லுங்க."

"சான்றிதழ் கேப்பாங்க."

"கேட்டா வாங்குங்க. வீட்டுல உக்காந்து கூரையைப் பாத்து எண்ணிட்டிருந்தா யார் கொண்டுவந்து குடுப்பா?"

*

கலை பண்பாட்டுத் துறையில் ஒன்பது சாளரங்கள். எட்டில் ஆள் இல்லை. ஒன்பதாவதில் இருந்த அலுவலர், வந்தவரைப் பார்த்துவிட்டு நாலு தட்டு கழித்து, "சொல்லுங்க பெரியவரே" என்றார். இவர் துறைக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தானா, இல்லை நாகரிகத்தால் வந்ததா என்று கம்பிக்காரருக்கு விளங்கவில்லை.

வந்த காரியத்தைச் சொன்னார். அலுவலர் முழுவதும் கேட்டார். மரியாதையான மனிதர்தான்.

"ஆக, நீங்க தப்பு செஞ்சதுக்குச் சான்றிதழ் வேணும்."

"ஆமாங்க."

"நாங்க சாதாரணமா யாரும் தப்பு செய்யலைன்னுதான் சான்றிதழ் குடுப்போம். அதுக்கு அச்சடிச்ச படிவம் இருக்கு. வேணுமா?"

"வேண்டாங்க. நான் செஞ்சிருக்கேன்."

அலுவலர் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் படத்தின் பேர்ப் பட்டியலைப் பார்த்தார். எண்பத்துநாலு பேர்கள். அதன் கீழே 'மற்றும் பலர்' என்றிருந்தது.

"நீங்க இந்த 'மற்றும் பலர்'ல வர்றீங்களா?"

"ஆமாங்க. நான் ஒருத்தன்தான் அது."

"அப்படிச் சொல்லக்கூடாது. ஒருத்தர்னா பேர் போட்டிருப்பாங்க. பலர்னு அரசாங்கப் பதிவுல இருக்கு. மத்தவங்களையும் கூட்டிட்டு வாங்க."

"மத்தவங்க யாருமே இல்லையே."

"அது எங்க பிரச்சினை இல்ல. குறைஞ்சது மூணு பேராவது வேணும். சரி, விடுங்க. அன்னைக்கு மணி கேட்டார்னு சொன்னீங்களே, அவர் எங்கே? சாட்சிக் கையெழுத்துப் போடுவாரா?"

பெரிய மேளக்காரர் காலமாகி ஐந்து வருடம் ஆகிறது என்று கம்பிக்காரர் சொன்னார். அலுவலர் வருத்தம் தெரிவித்துவிட்டு, அவர் இல்லாவிட்டால் பரவாயில்லை, அவர் கேட்டபோது மணி என்ன என்று சொன்னால் அதைப் பதிவு செய்துகொள்ளலாம் என்றார்.

"தெரியாதுங்க. நான் கடிகாரத்தைப் பாக்கல. எண்ணிட்டிருந்தேன்."

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். "பெரியவரே, யோசிச்சுப் பாருங்க. மணி என்னன்னு தெரியாதவர், நேரம் தவறிட்டேன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

கம்பிக்காரர் யோசித்தார். அதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் கையை வைத்துக் காட்ட முடியவில்லை. விண்ணப்பத்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த மூன்று மாதத்தில் பதினோரு தடவை போனார். ஒரு தடவை கோப்பு மேலே போயிருந்தது. ஒரு தடவை கீழே வந்திருந்தது. ஒரு தடவை படியில் இருந்தது. அதை அவரே பார்த்தார், ஒரு சிப்பந்தி அதன் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பதினோராவது தடவை அலுவலர் விழா அனுமதிச் சீட்டு இரண்டைக் கையில் கொடுத்து, "வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க. அனுபவிங்க. தப்பு எங்கே போகப் போகுது" என்றார்.

இதற்கிடையே அவருக்குத் தூக்கம் போயிற்று. படுத்தால் சொட்டு விழுந்தது. அவர் காத்திருப்பார், ஒன்றும் ஒலிக்காது. ஒரு சுற்றுக் கழித்து அவர் உடம்பு தூக்கிப்போடும்.

*

விழா மாலை ஐந்து மணிக்கு என்று போட்டிருந்தது. ஐந்தே முக்காலுக்குத் தொடங்கியதால் நாகரிகம் தெரிந்தவர்கள் நிம்மதி அடைந்தார்கள். வாசலில் ஆளுக்கொரு கம்பி கொடுத்தார்கள். ஒப்பந்தக்காரர் அனுப்பியிருந்த அறுநூற்று நாற்பதும் சதுரமாக இருந்தன, அதுவும் தகரத்தில். இதுபற்றிக் கேட்டவர்களுக்கு, கூடுதலாக ஒரு பக்கம் இலவசமாகப் பெறப்பட்டுள்ளது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள்.

மேடையில் எண்பத்துநாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசை, கடைசி நாற்காலி காலி. அதில் உட்கார வேண்டியவர் அலுவலரின் மச்சினன். அவர் கொள்கையை இன்னும் ஆழமாகப் புரிந்துகொண்டவராதலால் மறுநாள் காலையில்தான் வந்தார். எனவே அறுநூற்று நாற்பது பேருக்கும் இருநூற்றுப் பதின்மூன்றைக் காட்ட, அலுவலரே கையில் ஒரு பச்சைக் கொடியோடு மேடை ஓரத்தில் நின்றார்.

கம்பிக்காரருக்கும் மனைவிக்கும் கொடுத்த இருக்கைகள் கடைசி வரிசையில் இருந்தன. பழக்கமான இடம். அவர் தம் சதுரத் தகரத்தைக் காலடியில் வைத்துவிட்டுக் கோட்டுப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே அவருடைய பழைய கம்பி இருந்தது. மனைவி பார்த்தாள்.

படம் ஓடியது. நத்தைகள் வீடு தேடின. கடைசிக் காட்சியின் இசை தொடங்கியதும் அவர் கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். ஐம்பது. நூறு. மேடையில் யாரோ ஒரு வயலின்காரர் இருமினார். நூற்று இருபது. நூற்று முப்பத்தேழு. நூற்று முப்பத்தெட்டு.

"என்னங்க, மணி என்ன?" என்றாள் மனைவி, காதோரமாக.

கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்தில் அவள் கேட்டதற்கு அவர் பதில் சொல்லாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான். நூற்று முப்பத்தொன்பது என்று மனதுக்குள் சொன்னார். நூற்று நாற்பது என்றார். மேலே போனார்.

இருநூற்றுப் பத்து. மழை விட்டது. இருநூற்றுப் பதினொன்று. இலை நுனியில் சொட்டு திரண்டது. கூடத்தில் அறுநூற்று முப்பத்தொன்பது பேர் சதுரத் தகரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலுவலரின் கையைப் பார்த்தபடி மூச்சை அடக்கியிருந்தார்கள். திரையைப் பார்த்தவர் கம்பிக்காரர் ஒருவர்தான்.

சொட்டு விழுந்தது. அது ஓட்டைத் தொட்ட அதே கணத்தில் அவர் தட்டினார்.

'டிங்'.

அவ்வளவு பெரிய கூடத்தில் அந்தச் சின்னச் சத்தம் ஒரு மூலையிலிருந்து கிளம்பி, எங்கும் இடிக்காமல், எல்லோர் தலைக்கு மேலும் போய்த் திரையில் நின்றது. அப்பா நத்தை திரும்பித் தன் ஓட்டைப் பார்த்தது. இருபது வருடமாக அது எதற்குத் திரும்புகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. முன்வரிசையில் கணக்கு டீச்சரின் முதுகு ஒரு முறை குலுங்கியது. கண்ணைத் துடைத்தார். துடைத்துவிட்டு மடியிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். பார்த்ததும் முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

இருநூற்றுப் பதின்மூன்று வந்தது. அலுவலர், எவனோ ஆணையை மீறிவிட்டானே என்று பின்வரிசையைத் துழாவிக்கொண்டிருந்ததில் கொடியை மறந்தார். இருநூற்றுப் பதினாறாம் சுற்றில் ஞாபகம் வந்து அசைத்தார். அப்பா நத்தை அதற்குள் வீட்டுக்குள் போய்விட்டது. அறுநூற்று முப்பத்தொன்பது தகரமும் ஒன்றாகச் சத்தமிட்டதில் பாத்திரக்கடை சரிந்ததுபோல் இருந்தது. கூடம் எழுந்து நின்று கைதட்டியது.

*

கைதட்டல் அடங்கும் முன்பே அலுவலர் கடைசி வரிசைக்கு வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் பல் டாக்டர், டீச்சர், பதிவேட்டைச் சுமந்த ஒரு சிப்பந்தி.

"இருநூத்திப் பன்னிரண்டுல தட்டினது நீங்கதானே?"

"நான்தாங்க."

"ஒருத்தர்தானா, பலரா?"

"ஒருத்தன்தான்."

"ஒப்புக்கறீங்க?"

"முதல்லேர்ந்து அதைத்தானே செய்யறேன்."

இந்தத் தடவை சாட்சிக்குப் பஞ்சமே இல்லை. அறுநூற்று முப்பத்தொன்பது பேர் கேட்டிருக்கிறார்கள். அலுவலர் அங்கேயே, இருக்கையின் முதுகில் காகிதத்தை வைத்து எழுதினார். சிப்பந்தி முத்திரையை வாயால் ஊதிக் குத்தினார். மூன்று மாதமாகக் கிடைக்காத சான்றிதழ் ஒன்பது நிமிடத்தில் கிடைத்தது. துறையின் வரலாற்றில் இவ்வளவு சீக்கிரம் ஒரு காகிதம் வெளியே போனதில்லையாம். அதற்காக அலுவலருக்குப் பிறகு விளக்கம் கேட்டு ஓலை வந்தது என்று கேள்வி.

"இதன் மூலம் சான்றளிக்கப்படுவது யாதெனில், மேற்படி நபர், வாத்திய இசையில் தட்ட வேண்டிய தட்டைத் தட்ட வேண்டாத இடத்தில் தட்டிப் பிழை செய்தார் என்பதும், அப்பிழையை அவரைத் தவிர வேறு எவரும் செய்யவில்லை என்பதும் ஆகும்."

பல் டாக்டர் அதை வாங்கிப் படித்துவிட்டு, அனுதாபத்தோடு அவர் தோளைத் தட்டினார். "நான் அன்னைக்கே சொன்னேனே ஐயா. நிஜமாத் தட்டினவர் நீங்களா இருந்தா இவ்வளவு அவசரப்படுவீங்களா?"

அடுத்த ஞாயிறு பேரவைக் கூட்டத்தில் டீச்சர் புது வரைபடம் தொங்கவிட்டார். இருநூற்றுப் பதினாறு என்பதே மேலும் ஆழமானது என்றும், ஓட்டிலிருந்து உடம்புக்கு, உடம்பிலிருந்து மனதுக்கு, மனதிலிருந்து துறைக்கு என்று அந்த ஒலி பயணப்படுகிறது என்றும் விளக்கினார். மூலப் பிரதியில் அந்த எண்ணையே எழுதுமாறு துறைக்கு மனுக் கொடுத்தார்கள். கோப்பு இப்போது படியில் இருக்கிறது. அது மேலே போய்ச் சேரும் வரை காகிதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டுதான்.

கம்பிக்காரர் அந்த ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாலு மணி நேரம் அடித்துப்போட்டாற்போல் தூங்கினார். எழுந்ததும் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, கூடத்துச் சுவரில், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும் இடமாகப் பார்த்து ஆணி அடித்தார். மைத்துனர் வந்தால் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். மாட்டிவிட்டு, ஓர் எட்டுப் பின்னால் வந்து, சாய்ந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு தப்பைச் சரின்னு சொன்னாங்கன்னு மூணு மாசம் தூங்கல. இப்போ சரியாச் செஞ்சதைத் தப்புன்னு முத்திரை குத்திக் குடுத்திருக்காங்க, சட்டம் போட்டு மாட்டறீங்க. அவங்களுக்கும் உங்களுக்கும் என்னதான் வித்தியாசம்?"

கம்பிக்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார். நாலு தட்டு எண்ணினார்.

"ஒரு சுற்று" என்றார்.